குவான்டிட்டி சர்வேயிங்கா, ஆக்சுவரியல் சயின்ஸா? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேட்டுப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம், கணக்கில் 97. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை பார்க்கிறார், இப்போது தடைக்காலம், ஜூன் 14 முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போனால்தான் வீட்டில் கையில் காசு நிற்கும். சித்தப்பா கொத்தனார். அவருக்குத் தெரிந்த என்ஜினீயர் ஒருவர், "பொண்ணு கணக்கு நல்லா போடுதே, சிவில் படிக்க வை, குவான்டிட்டி சர்வேயர் ஆகட்டும், கல்ஃப்ல நல்ல சம்பளம்" என்று சொல்லியிருக்கிறார். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சிவில் சீட் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டிவிடும் என்பதால் வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம்தான்.

எங்கள் கணக்கு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடு, ஆக்சுவரி ஆகப் பார், உன் மாதிரி பொண்ணுங்க அந்தப் பக்கம் போறதே இல்லை" என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மூன்று நாளாக மொபைலில் தேடிப் படித்ததில் இரண்டு வேலையும் கணக்குதான் என்பது மட்டும் புரிந்தது. காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை என்ன செய்வார்கள், எத்தனை வருடத்தில் சம்பளம் வரும், தோற்றுப்போனால் என்ன ஆகும், இதையெல்லாம் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. யாராவது இந்த வேலைகளில் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை அப்பா:

மகளே, எனக்கும் உன் வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அதனால் நேராகவே சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கிற என்ஜினீயரிங் சீட்டை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஒரு படிப்புக்காகக் கலைக் கல்லூரிக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தத் தேர்வுகள் முடிய எட்டு வருடம், பத்து வருடம் ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் வீட்டில் யார் சம்பாதிப்பது? உங்கள் டீச்சர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அடுப்பு எரிய வேண்டியது உங்கள் வீட்டில். சிவில் முடித்தால் ஏதாவது ஒரு சைட்டில் வேலை உண்டு. முதலில் அதைப் பிடி, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

தேரடி அண்ணன்:

தங்கச்சி, நான் திருவொற்றியூர். டிப்ளமோ சிவில் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடித்து, இப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயராக இருக்கிறேன். 13 வருடம் ஆகிறது. என் வேலை என்ன என்று கேட்டால், ஒரு கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே அதில் எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி, எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரேட் போட்டு, பி.ஓ.கியூ. என்கிற பட்டியலைத் தயார் செய்வது. வேலை தொடங்கியதும் மாதாமாதம் நடந்த வேலையை அளந்து ரன்னிங் பில் போடுவது. வரைபடத்தில் இல்லாத வேலை வந்தால் அதற்கு ரேட் அனாலிசிஸ் செய்து கேட்டு வாங்குவது. கடைசியில் ஃபைனல் பில். அரசு வேலை என்றால் எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏறாத அளவுக்குப் பணம் கிடையாது, அதனால் அந்தப் புத்தகத்தைத் தொடும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு பயம் இருக்கும்.

கணக்கு பெரிய கணக்கு இல்லை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பி என்றால் 144 ஐ 162 ஆல் வகுக்க வேண்டும், 0.889. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடும். கஷ்டம் எங்கே என்றால், எதையும் விட்டுவிடாமல் எடுப்பதில். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ராஃப்ட் அஸ்திவாரத்துக்கு, அதாவது கட்டடத்துக்கு அடியில் ஒரே பெரிய கான்கிரீட் பலகையாகப் போடுவதற்கு, கம்பி எடுத்தேன். மேல் அடுக்குக் கம்பி வலையைத் தூக்கிப் பிடிக்க நடுவில் நாற்காலி மாதிரி வளைத்த கம்பி வைப்பார்கள், சேர் கம்பி என்போம், அதை எண்ணவில்லை. கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும், அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்று லேப் விட்டுக் கட்ட வேண்டும், அந்த லேப்பையும் பாதி இடத்தில் விட்டுவிட்டேன். நான்கு டன் குறைந்தது. கண்டுபிடித்தது யார் தெரியுமா, கம்பி கட்டுகிற மேஸ்திரி. வந்து இறங்கிய கம்பிக் கட்டுகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது பத்தாது" என்றார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. அன்றிலிருந்து எந்த டிராயிங்கை எடுத்தாலும், இதை ஒரு ஆள் கையால் எப்படிக் கட்டுவான் என்று மனசுக்குள் முழுசாகக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணவே தொடங்குவேன். உன் சித்தப்பா கொத்தனார் என்றாயே, அது உனக்குப் பெரிய சொத்து. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இல்லாத சொத்து.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சம்பளம் குறைவு. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதச் சம்பளம் கடைசி வரைக்கும் வரவேயில்லை. மாதக் கடைசியில் பில் கொடுக்கிற வாரம் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021 இல் ஓடத் தொடங்கியபோது, அதில் ஒரு ஸ்டேஷனுக்கு நானும் அளவு எடுத்தவன். என் அம்மாவை முதல் வாரமே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினேன்.

வியாசை:

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவள், இப்போது ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரியல் டீமில் இருக்கிறேன். நான் எழுதி வருகிற பாடத்திட்டத்தில் ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆக மொத்தம் 13 தேர்வு. ஒன்பது முடித்திருக்கிறேன், ஏழு வருடம் ஆகிறது. நடுவில் சி.எஸ். 2 என்கிற தாளில் மூன்று முறை தோற்றேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், வண்ணாரப்பேட்டை அப்பா கேட்டது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் எல்லோரும் தோற்பார்கள், பள்ளியில் முதல் மார்க் வாங்கி வந்தவர்கள்தான் அதிகமாக உடைந்து போவார்கள். ஆனால் பத்து வருடமும் சும்மா உட்கார்ந்து படிப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்கைந்து தாள் முடித்ததும் வேலைக்குப் போய்விடலாம், மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுதுவதுதான் வழக்கம். நான் மூன்று தாளோடு வேலை தேடினேன், ஒன்பது மாதம் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் மூலக்கடையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ கணக்கு எடுத்தேன். வேலைகளில் பெரும்பகுதி மும்பை, குருகிராம், பெங்களூரு பக்கம். சென்னையில் உண்டு, அந்த அளவுக்கு இல்லை.

முறைப்படி போகிற வழி இது. இந்தியாவில் இதற்கென்று 2006 ஆம் வருடச் சட்டத்தின்கீழ் இயங்குகிற இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஏ.செட். என்கிற நுழைவுத் தேர்வை எழுதலாம். கணக்கு, புள்ளியியல், தரவைப் படித்துச் சொல்வது, ஆங்கிலம், தர்க்கம், இவ்வளவுதான். பாஸ் ஆனால் மாணவராகச் சேர்ந்து ஒவ்வொரு தாளாக எழுதலாம். கல்லூரிப் பட்டமும் கூடவே ஓடும், ஓட வேண்டும்.

வேலை என்ன என்று கேட்டாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை உனக்கு ஞாபகம் இருக்கும், மறக்கவும் முடியாது. மணலி, எண்ணூர் பக்கம் வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன, எண்ணெய் வேறு கலந்து வந்தது. அந்த டிசம்பர் 31 அன்று ஒரு மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கை மூட வேண்டும் என்று வைத்துக்கொள். வண்டி ஏற்கனவே கெட்டுவிட்டது, ஆனால் சொந்தக்காரர் இன்னும் ஒர்க்‌ஷாப்புக்கே போகவில்லை, கிளெய்ம் ஜனவரியில் வரும், பிப்ரவரியில் வரும், சிலது அடுத்த மழைக்காலத்துக்குள் வரும். வராத அந்தக் கிளெய்ம்களுக்கு இன்றைக்கே எவ்வளவு பணம் ஒதுக்கி வைப்பது? முந்தைய வருடங்களில் முதல் மாதம் எத்தனை வந்தது, மூன்றாவது மாதத்தில் எவ்வளவாக வளர்ந்தது என்று முக்கோணமாக ஒரு அட்டவணை போட்டு, அதிலிருந்து இந்த வருடம் எங்கே போய் நிற்கும் என்று கணிப்போம். குறைவாக ஒதுக்கினால் நாளைக்கு ஒருவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அதிகமாக ஒதுக்கினால் பிரீமியம் ஏறும், ஆட்டோ ஓட்டுகிற ஆளின் தலையில் போய் விழும். நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு எண்ணை மாற்றும்போது, அது எங்கள் தெருவில் யாருடைய பிரீமியமோ என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

காசிமேட்டுப் பொண்ணு:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இரண்டையும் நான்கு தடவை படித்தேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலம் எந்த வேலையில் அதிகம் தடையாக இருக்கும்? கல்ஃப் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

ராயபுரம் டு தோஹா:

கல்ஃப் பற்றி நான் சொல்கிறேன்மா. ராயபுரத்து ஆள், கத்தாரில் ஒன்பது வருடம். எங்கள் ஆபீஸில் குவான்டிட்டி சர்வேயர்களில் பாதிப் பேர் இலங்கைக்காரர்கள். அவர்கள் நாட்டில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதை நான்கு வருடப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள், ஒப்பந்தச் சட்டம், விலைக் கணக்கு எல்லாம் முதலிலிருந்தே. நம் ஊரில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சிவில் படித்துவிட்டு சைட்டில் கற்றுக்கொண்டவர்கள். அளவெடுப்பதில் நாம் குறைந்தவர்கள் இல்லை. ஒப்பந்தம் என்று வந்ததும் திணறுகிறோம்.

ஆங்கிலம் கேட்டாயே, இங்கேதான் அது வருகிறது. ஃபிடிக் 1999 என்று பல நாடுகளில் கட்டுமான வேலைக்குப் பயன்படுத்துகிற மாதிரி ஒப்பந்தம் உண்டு. அதில் கூடுதல் பணமோ கூடுதல் நாளோ கேட்க வேண்டும் என்றால், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 29 ஆம் நாள் கொடுத்தால் உரிமை போயிற்று. வேலை நடந்திருக்கும், செலவு ஆகியிருக்கும், நியாயம் நம் பக்கம் இருக்கும், கடிதம் மட்டும் போயிருக்காது. நான் வந்த புதிதில் எனக்கு அளவு தெரியும், கடிதம் எழுத வராது. பக்கத்து சீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இப்போது என் வேலையில் முக்கால்வாசி கடிதம்தான்.

மேலே போக வேண்டும் என்றால் ஆர்.ஐ.சி.எஸ். லண்டனில் 1868 இல் தொடங்கிய சர்வேயர்கள் சங்கம். அவர்களுடைய ஏ.பி.சி. என்கிற மதிப்பீட்டில் கடைசியில் ஒரு மணி நேர நேர்காணல், மூன்று பேர் உட்கார்ந்து நாம் செய்த வேலையை நோண்டி நோண்டிக் கேட்பார்கள். நான் இரண்டாவது முறையில் முடித்தேன். எம்.ஆர்.ஐ.சி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் வந்த பிறகுதான் மேனேஜர் வேலைக்கே கூப்பிட்டார்கள். பணம் வருகிறது, உண்மைதான். என் மகன் பேசத் தொடங்கியதை நான் வீடியோ காலில்தான் பார்த்தேன், அதுவும் உண்மைதான். முடிவெடுக்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்.

பெரம்பூர் பெரியவர்:

நான் ஓய்வு பெற்ற கணக்கர். ஆக்சுவரி என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மட்டும்தான் என்று பேசிக்கொண்டு போகிறீர்கள், அது போதாது. என் அப்பா வேலை பார்த்த ஆலை மூடியபோது கிராஜுவிட்டி கொடுக்கப் பணமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பல வருடம் அலைந்தோம். கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, எத்தனை வருடம் வேலை பார்த்தாரோ அத்தனையால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் சம்பளம், 20 வருடம் என்றால் 1,50,000. கொடுக்கும் நாளில் இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். இன்றைக்கு 25 வயதில் இருக்கிற தொழிலாளிக்கு என்றோ ஒரு நாள் கொடுக்க வேண்டிய தொகைக்காக இந்த வருடம் எவ்வளவு எடுத்து வைப்பது என்பதுதான் கேள்வி. 20 வருடம் கழித்துத் தர வேண்டிய 1,50,000 க்கு, 7 சதவீத வட்டி என்று எடுத்தால், இன்று 38,800 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் போதும். அதற்குள் அவர் வேலையை விட்டுப் போகலாம், இறந்து போகலாம், சம்பளம் ஏறலாம். இதையெல்லாம் சேர்த்து, வேலை பார்க்கிற எல்லோருக்கும் வருடா வருடம் மதிப்பிட்டுச் சொல்வது ஆக்சுவரி. நான் பின்னாளில் கணக்கர் ஆனபோது அந்த அறிக்கையை வரி விடாமல் படிப்பேன். அதை ஒழுங்காகப் போட்டு, சொன்ன பணத்தை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தால் என் அப்பா கோர்ட்டு வாசலில் நின்றிருக்க மாட்டார். இந்தப் படிப்புக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

எம்கேபி நகர்:

பெண் என்பதால் ஒரு வார்த்தை. நான் சைட்டில் பில்லிங் என்ஜினீயராக நான்கு வருடம் இருந்தேன். நான் இருந்த முதல் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத் தொற்று வந்தது. அடுத்த கம்பெனியில் வேலைக்குச் சேரும் முன்பே அதைக் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். கேட்கலாம், தப்பே இல்லை. இப்போது ஆபீஸில் டெண்டர் பிரிவில் இருக்கிறேன். சைட் அனுபவம் இல்லாமல் டெண்டருக்கு வந்தால் மேஸ்திரிகள் மதிக்க மாட்டார்கள், ரேட்டும் தப்பாகப் போடுவோம், அதனால் அந்த நான்கு வருடத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

தேரடி அண்ணன்:

தங்கச்சி, நாங்கள் எவ்வளவு சொன்னாலும் உனக்குத் தெரியப் போவதில்லை. ஒன்று செய். சித்தப்பாவிடம் டேப் வாங்கி உங்கள் வீட்டு அறை ஒன்றை அள. நான்கு சுவருக்கும் உள்ளேயும் வெளியேயும் பூச்சு எத்தனை சதுர அடி என்று எடு. கதவு ஜன்னலுக்கு எவ்வளவு கழிப்பது என்று நீயே யோசித்து, அப்புறம் சித்தப்பாவிடமும் கேள்.

வியாசை:

அப்படியானால் என் பக்கத்திலிருந்தும் ஒன்று. உங்கள் துறைமுகத்தில் 100 படகு. ஒரு வருடத்தில் ஒரு படகின் வலை அறுந்து போக வாய்ப்பு 2 சதவீதம், ஒரு வலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள். எல்லோரும் சேர்ந்து ஒரு நிதி போடுகிறார்கள், யார் வலை போனாலும் அதிலிருந்து முழுப் பணம். ஆளுக்கு 2,000 வாங்கினால் போதுமா? 4,000 வாங்கினால் பணம் பற்றாமல் போக எவ்வளவு வாய்ப்பு? உன் பாடப் புத்தகத்தில் இருக்கிற ஈருறுப்புப் பரவல் போதும்.

காசிமேட்டுப் பொண்ணு (நான்கு நாள் கழித்து):

இரண்டையும் செய்தேன். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. சுற்றளவு 44, அதனால் உள்பக்கம் 440 சதுர அடி. கதவு 3 க்கு 7, ஜன்னல் 4 க்கு 4, இரண்டும் சேர்ந்து 37. உள்ளேயும் 37 கழித்தேன், வெளியேயும் 37 கழித்தேன். சித்தப்பா பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "ஜன்னல் ஓட்டையைக் கழிச்சுட்ட, சரி. அந்த ஓட்டையைச் சுத்தி உள் விளிம்பு பூசுறது யாரு? மூலை பிடிக்கிறதுதான் நேரம் தின்கிற வேலை, அதுக்கு யார் கூலி தர்றது?" என்றார். அவர்கள் கூலிக் கணக்கில் ஜன்னலையே கழிக்க மாட்டார்களாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வலைக் கணக்கு. 2,000 வாங்கினால் இரண்டு வலைக்குத்தான் பணம், சராசரியே இரண்டு, அதனால் மூன்று போனால் நிதி காலி. 4,000 வாங்கினால் நான்கு வலை வரை தாங்கும், ஐந்தோ அதற்கு மேலோ போக வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம் வந்தது. கையால் போட்டேன், 0.98 இன் அடுக்குகள் எடுக்க ஒரு ராத்திரி ஆனது. சரி, முடிந்தது என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஈருறுப்புப் பரவலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்றுதானே படித்தோம். வலை அப்படியா போகிறது? ஒரு நாள் காற்று மாறினால் ஒரே ராத்திரியில் இருபது படகுக்குப் போகும், மற்ற வருடம் முழுக்க ஒன்றுமே போகாது. சராசரி அதே இரண்டாகவே இருக்கலாம். அப்படியென்றால் நான் போட்ட 5 சதவீதம் தப்புதானே அக்கா? இதற்கு எப்படிக் கணக்குப் போடுவது? அப்பாவிடம் கேட்டேன், எந்த எந்த வருடம் அப்படிப் போனது என்று விரல் விட்டுச் சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன்.

வியாசை:

நான் ஆபீஸ் வண்டியில் உட்கார்ந்து இதைப் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தப்புதான்மா, நீ சொல்வதுதான் சரி, நான் வேண்டுமென்றேதான் அதைச் சொல்லாமல் விட்டேன், நீயாகக் கண்டுபிடிப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து போகிற ஆபத்துதான் எங்கள் துறையில் பெரிய தலைவலி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே அதனால்தான் இன்னொரு கம்பெனியிடம் மறுகாப்பீடு வாங்குகின்றன. இந்தியாவில் ஜி.ஐ.சி. ரீ அதற்கென்றே இருக்கிறது. உன் அப்பா சொன்ன வருடங்கள் இருக்கிறதே, அதைப் பத்திரமாக வை. எங்களுக்கு வருகிற தரவில் பாதி அந்த அளவுக்குக்கூட ஒழுங்காக இருக்காது.

தேரடி அண்ணன்:

சித்தப்பா சொன்னதையே இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1200 வேறு பாஷையில் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசினால், அரைச் சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்க வேண்டும், இன்னொரு பக்கத்தைக் கழிக்காமல் விடுவது அந்த உள் விளிம்புப் பூச்சுக்காக. உன் கதவும் ஜன்னலும் இரண்டுமே அந்த அளவுக்குள் வருகிறது. அதனால் உள்ளே 403 சரி, வெளியே கழிக்கக் கூடாது. நீ எங்கள் வேலைக்கு வந்தால் சந்தோஷம். ஆனால் எது உன்னைத் தூங்க விடவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அதைத் திருப்பிப் படித்துப் பார்.

மணலி புதுநகர்:

அண்ணா, நான் டிப்ளமோ சிவில் இரண்டாம் வருடம். ஐ.எஸ். 1200 பற்றி எங்கள் வகுப்பில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கிறது. இனி கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் மாடலாகப் போட்டால் சாஃப்ட்வேரே அளவு எடுத்துவிடும், ஆள் தேவைப்படாது என்கிறார்களே?

தேரடி அண்ணன்:

தம்பி, சாஃப்ட்வேர் எடுக்கட்டும், நல்லதுதான், எனக்கே ஒரு வார வேலை ஒரு நாளில் முடிகிறது. மாடலில் வரையாத சேர் கம்பியை அது எண்ணாது. நீ டிப்ளமோ முடித்ததும் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், அதற்கு முன் ஒரு வருடமாவது ஏதாவது சைட்டில் பில்லிங் ஆளுக்கு உதவியாக நில். எக்செல் நன்றாகப் பழகு. ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படி, தோஹா அண்ணன் சொன்னதை நீ இப்போதே தொடங்கிவிட்டால் அவர் பட்ட பாடு உனக்கு இருக்காது.

வண்ணாரப்பேட்டை அப்பா:

நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. ஆனால் வலைக் கணக்கைப் படித்த பிறகு, இந்தப் பெண்ணைப் போய் சிவில் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேர்வில் தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?

வியாசை:

பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டம் மிஞ்சும் சார். அதை வைத்து வங்கித் தேர்வு எழுதலாம், தரவு வேலைகளுக்குப் போகலாம், டீச்சர் ஆகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ் இருக்கிறது, அதற்கும் போகலாம். அதனால்தான் பிளஸ் டூ முடித்தவுடன் தேர்வை மட்டும் நம்பி இறங்காதே, பட்டத்தோடு சேர்த்து எழுது என்று எல்லோரிடமும் சொல்வேன். நானே ஒரு கெடு வைத்திருந்தேன், பட்டம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் நான்கு தாள் முடியாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவது என்று. நான்காவது தாள் அந்தக் கெடுவுக்கு ஐந்து மாதம் முன்பு வந்தது.

காசிமேட்டுப் பொண்ணு (பத்து நாள் கழித்து):

மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டிருக்கிறேன். சிவில் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்துவைத்திருக்கிறேன், அப்பா அதை விட வேண்டாம் என்றார், அவர் சொல்வதும் சரிதான், இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது. இடம் கிடைத்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாயைத் தொடாமல் தேர்வுக் கட்டணத்துக்கு வைக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வியாசை அக்கா வைத்த கெடு மாதிரி நானும் ஒன்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, பீரோவில் ஒட்டியிருக்கிறேன்.

அப்பா சொன்ன வருடங்களோடு இன்னும் எட்டுப் படகுக்காரர்களிடம் கேட்டு எழுதிவிட்டேன், தடைக்காலம் என்பதால் எல்லோரும் கரையில்தான் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் 19 வருடத்துக் கணக்கு. 12 வருடம் ஒன்றுமே போகவில்லை. இதை வைத்து ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று எப்படித் தொடங்குவது அக்கா?

வியாசை:

19 வருடம் போதாது, ஆனால் தொடங்கப் போதும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு கொளத்தூரில் முதல்வர் படைப்பகத்தில் இருப்பேன், நான் அங்கேதான் தேர்வுக்குப் படிக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அந்த நோட்டையும், கால்குலேட்டர் இருந்தால் அதையும் எடுத்து வா. எந்த வருடம் எந்த மாதத்தில் போனது என்று அப்பாவிடம் கேட்டு ஓரத்தில் குறித்துவிடு, முதலில் அதைத்தான் கேட்பேன்.